யாங்கி ஸ்டேடியத்துக்கு ரெட் சாக்ஸ் ஜெர்சி போட்டுக்கொண்டு போகலாமா?

வாசகி ஒருவரின் கேள்வி: நாங்கள் மாசசூசெட்ஸில் வூஸ்டர் நகரத்தில் இருக்கிறோம். என் 11 வயது மகனுக்கு பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணி என்றால் உயிர். நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் என் தம்பியோ அதன் பரம எதிரியான நியூயார்க் யாங்கீஸ் அணிமேல் பைத்தியம். ரெட் சாக்ஸ் நியூயார்க் வரும்போது ஒரு வார இறுதியில் எல்லோருமாக யாங்கி ஸ்டேடியம் போகலாம் என்கிறான். பிளீச்சரில் (களத்தின் கோடிக்குப் பின்னால் உள்ள பெஞ்சு இருக்கைகளில்) டிக்கெட் விலை குறைவு, 203-ஆம் பகுதியில் எடுக்கட்டுமா என்று கேட்கிறான். மகன் ஜெர்சி போட்டுக்கொண்டு வந்து கத்தியே தீருவேன் என்கிறான். அவன் அப்பா, ஜெர்சி வேண்டவே வேண்டாம் என்கிறார். இது பாதுகாப்பானதா? எங்கே உட்காருவது, எப்படி நடந்துகொள்வது?

பதில்:

ஜெர்சி போடட்டும், கத்தட்டும். ஆனால் 203 வேண்டாம். உங்கள் தம்பி இன்னும் டிக்கெட் வாங்கவில்லை என்றால் முதலில் அவருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

களத்தின் வலப்பக்கக் கோடியில், ரைட் ஃபீல்ட் பிளீச்சரில் உள்ள 203-ஆம் பகுதி, யாங்கீஸின் மிகத் தீவிரமான ரசிகர்கள் ஆண்டுக்கணக்காகக் கூடும் இடம். ‘பிளீச்சர் கிரீச்சர்ஸ்’ என்பது அவர்கள் பெயர். பழைய ஸ்டேடியத்தில் 39-ஆம் பகுதியில் இருந்தவர்கள், 2009-ல் புது ஸ்டேடியம் திறந்தபோது இங்கே வந்தார்கள். ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸில் யாங்கீஸ் ஃபீல்டர்கள் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி, அவர் திரும்பிக் கையசைக்கும்வரை கூவுவார்கள். ரோல் கால் என்பார்கள் இதை. பேஸ்பாலில் பார்க்க வேண்டிய காட்சிகளில் இதுவும் ஒன்று, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதைத் தூரத்திலிருந்து பாருங்கள். அந்தக் கூட்டத்துக்கு நடுவே ரெட் சாக்ஸ் ஜெர்சியோடு உட்கார்ந்தால் ஒன்பது இன்னிங்ஸும் கிண்டல்தான். அடி விழும் என்று சொல்லவில்லை. 11 வயதுப் பையன் காதில் விழ வேண்டாத வார்த்தைகள் விழும், அவ்வளவுதான்.

மூன்றாம் பேஸ் பக்கமாக, அதாவது பேட்டருக்குப் பின்னாலிருந்து பார்த்தால் இடப்பக்கமாக, டிக்கெட் எடுங்கள். யாங்கி ஸ்டேடியத்தில் வருகை அணியின் டக்அவுட் (வீரர்கள் உட்காரும் இடம்) அந்தப் பக்கம்தான் இருக்கிறது. யாங்கீஸ் முதல் பேஸ் பக்கம். இருக்கைப் பகுதிகளில் 120, 220, 320, 420 என்று 20-ல் முடிபவை பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் வரும். எண் ஏற ஏற மூன்றாம் பேஸ், பிறகு லெஃப்ட் ஃபீல்ட். மேல்தளம் போதும் என்றால் 400 வரிசையில் 424, 425, 426 போன்ற எண்களைப் பாருங்கள். ரெட் சாக்ஸ் வரும் நாட்களில் இந்தப் பக்கத்தில் பாஸ்டன் தொப்பிகள் அங்கங்கே தென்படும். தன்னைப் போல இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்தாலே பையனுக்குத் தெம்பு வந்துவிடும்.

இதில் அடிப்படையான விஷயம் ஒன்று இருக்கிறது. ஜப்பானில் பேஸ்பால் மைதானங்களில் வருகை அணி ரசிகர்களுக்கென்று தனியாக ஒரு பகுதி, பெரும்பாலும் லெஃப்ட் ஃபீல்ட் பக்கமாக, ஒதுக்கியிருப்பார்கள். உள்ளூர் அணியின் ஆதரவுப் பகுதியில் எதிரணி ஜெர்சியோடு உட்காரவும் விட மாட்டார்கள். ஐரோப்பியக் கால்பந்திலும் இரண்டு தரப்பையும் பிரித்துத்தான் உட்கார வைக்கிறார்கள். அமெரிக்க பேஸ்பாலில் அப்படி எதுவும் கிடையாது. உங்களுக்கு இடப்பக்கம் யாங்கீஸ் தாத்தா, வலப்பக்கம் யாங்கீஸ் கல்லூரிப் பையன், நடுவில் நீங்கள். சட்டப்படி உங்கள் டிக்கெட்டுக்கும் அவர்கள் டிக்கெட்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆகவே பக்கத்தில் இருப்பவரோடு மூன்று மணி நேரம் எப்படிப் பழகுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. உட்கார்ந்ததும் அக்கம்பக்கத்துக்கு ஒரு வணக்கம் சொல்லிவிடுங்கள். “இவனுக்கு இங்கே இதுதான் முதல் ஆட்டம்” என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முன்வரிசைக்காரரே உங்கள் பையனுக்குக் காவலாகிவிடுவார். நியூயார்க்காரர்கள் வாய்த்துடுக்கு அதிகமானவர்கள். குழந்தைகளிடம் அதே அளவுக்குப் பிரியமானவர்களும்கூட.

இனி எப்படிக் கத்துவது என்ற கேள்வி. உங்கள் மகன் மனதில் பதிய வேண்டிய விதி ஒன்றே ஒன்று: நம் ஆட்டக்காரர் நன்றாக ஆடினால் ஆரவாரம் செய், எதிராளி தவறினால் வாயை மூடிக்கொள். ரெட் சாக்ஸ் பேட்டர் டபுள் (இரண்டாம் பேஸ்வரை ஓட வைக்கும் அடி) அடித்தால் எழுந்து நின்று கத்தலாம், யாரும் குறை சொல்ல முடியாது. யாங்கீஸ் ஃபீல்டர் பந்தை நழுவவிடும்போது குதித்தால்தான் சுற்றியிருப்பவர்களின் முகம் மாறும். அடிபட்டு யாராவது விழுந்தால், எந்த அணியாக இருந்தாலும், அவர் எழுந்ததும் கைதட்டுவது பேஸ்பால் வழக்கம். யாங்கீஸைத் திட்டும் வாசகம் போட்ட டீ-சர்ட்டெல்லாம் வேண்டாம். ஆபாச வாசகம் இருந்தால் உள்ளேயே விட மாட்டார்கள்.

நேரமும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு இன்னிங்ஸிலும் வருகை அணிதான் முதலில் பேட் செய்யும். அதனால் முதல் பாதி உங்களுடையது. அந்த ரோல் கால் நடக்கும்போதே ரெட் சாக்ஸின் முதல் பேட்டர் ஆடிக்கொண்டிருப்பார், அரங்கம் முழுக்க யாங்கீஸ் பெயர்களாகவே கேட்கும். அதோடு போட்டி போட்டுப் பயனில்லை. நம் பேட்டருக்கு இரண்டு ஸ்ட்ரைக் ஆனதும் (மூன்றாவது விழுந்தால் அவுட்) மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று கைதட்டும். அந்த நேரத்தில் நம் பேட்டர் பந்தை இடைவெளியில் தட்டிவிட்டால் பத்தாயிரக்கணக்கான பேர் ஒரே நொடியில் அமைதியாகிவிடுவார்கள். அந்த அமைதியில் உங்கள் மகனின் குரல் தனியாகக் கேட்கும். வருகை அணி ரசிகனுக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் எதுவும் இல்லை என்பேன். சொந்த மைதானத்தில் எத்தனை ஆட்டம் பார்த்தாலும் இது கிடைக்காது.

இன்னொன்றையும் அவனுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கடைசி அடியில் ஓடி வந்து ஆட்டத்தையே முடித்துவிடும் ‘வாக்-ஆஃப்’ வெற்றி வருகை அணிக்கு ஒருபோதும் வாய்க்காது. கடைசியாக பேட் செய்வது எப்போதும் உள்ளூர் அணி. ஒன்பதாவது இன்னிங்ஸில் ரெட் சாக்ஸ் நான்கு ரன் முன்னால் இருந்தாலும் யாங்கீஸின் 27-வது அவுட், அதாவது கடைசி அவுட், விழும்வரை எதுவும் முடிந்ததாக அர்த்தமில்லை. “ஜெயிச்சாச்சு” என்று முன்னதாகவே ஆட ஆரம்பித்துவிட்டு, யாங்கீஸ் ஹோம் ரன் அடித்து முடித்தால், கிண்டல் ரயில் நிலையம்வரை வரும்.

கிண்டல் வரத்தான் செய்யும். அதைப் பகை என்று எடுத்துக்கொள்ளாமல் இருக்க, கொஞ்சம் வரலாறு தெரிந்தால் போதும். அந்தக் கால நட்சத்திர வீரர் பேப் ரூத்தை பாஸ்டன் நியூயார்க்குக்கு விற்ற ஒப்பந்தம் 1919 டிசம்பரில் கையெழுத்தானது. ரெட் சாக்ஸ் 1918-க்குப் பிறகு 2004 வரை வேர்ல்ட் சீரிஸ் என்ற சாம்பியன் கோப்பையைத் தொடவே இல்லை. அந்த வறட்சியின் கடைசி ஆண்டுகளில் யாங்கி ஸ்டேடியத்தில் பாஸ்டன்காரர்களைப் பார்த்துக் கூட்டம் “நைன்டீன் எய்ட்டீன்” என்று ராகம் போட்டுக் கத்தும். 2004 பிளேஆஃபில் (சீசன் முடிவில் நடக்கும் நாக்-அவுட் சுற்றில்) யாங்கீஸிடம் 0-3 என்று பின்தங்கியிருந்த ரெட் சாக்ஸ் வரிசையாக நான்கு ஆட்டங்களை வென்றது. கடைசி ஆட்டம், 10-3, பழைய யாங்கி ஸ்டேடியத்திலேயே நடந்தது. அன்றோடு அந்தக் கோஷத்தின் பல் போய்விட்டது. இப்போது மிச்சமிருப்பது எண்ணிக்கைப் பேச்சுதான்: யாங்கீஸுக்கு 27 கோப்பை, ரெட் சாக்ஸுக்கு 9. யாராவது 27 என்று சொன்னால் உங்கள் மகன் “2004-லிருந்து எங்களுக்கு நாலு, உங்களுக்கு ஒன்று” என்று சிரித்துக்கொண்டே சொல்லட்டும். கணக்கு சரியாக இருக்கும், யாருக்கும் மனம் புண்படாது. தம்பி அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்: 2025 அக்டோபரில் இதே மைதானத்தில்தான் யாங்கீஸ் ரெட் சாக்ஸை பிளேஆஃபிலிருந்து வெளியே அனுப்பியது.

இந்த இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரை ஒருவர் மதிக்கவும் தெரிந்தவர்கள். அதையும் பையனுக்குச் சொல்லுங்கள். 2013-ல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த மறுநாள், ரெட் சாக்ஸின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க்கில் எட்டாவது இன்னிங்ஸில் வழக்கமாகப் பாடும் பாட்டை யாங்கி ஸ்டேடியத்தில் ஒலிக்கவிட்டார்கள். யாங்கீஸ் ரசிகர்கள் அதைப் பாடினார்கள். 2014 செப்டம்பர் 28-ல் யாங்கீஸ் நட்சத்திரம் டெரெக் ஜீட்டர் தன் கடைசி ஆட்டத்தை ஃபென்வேயில் ஆடி முடித்தபோது, பாஸ்டன் ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டி அனுப்பினார்கள். போட்டியில் உண்மையாகவே ஈடுபட்டவர்களால்தான் இப்படிச் செய்ய முடியும்.

பந்து விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். 2021 ஜூலை 17 அன்று ரெட் சாக்ஸின் அலெக்ஸ் வெர்டூகோ, இதே மைதானத்தின் லெஃப்ட் ஃபீல்டில் ஒரு சின்ன ரெட் சாக்ஸ் ரசிகருக்காகப் பந்தை மேலே போட்டார். அது யாங்கீஸ் ரசிகர் ஒருவர் கைக்குப் போனது. அவர் திருப்பி வீச, பந்து வெர்டூகோவின் முதுகில் பட்டது. பயிற்சியாளர் தன் வீரர்களைக் களத்தைவிட்டே வெளியே அழைத்துவிட்டார். வீசியவருக்கு மேஜர் லீக் மைதானங்கள் எதிலும் வாழ்நாள் முழுக்க அனுமதி இல்லை. 2024 வேர்ல்ட் சீரிஸில் இங்கே டாட்ஜர்ஸ் வீரர் மூக்கி பெட்ஸின் கையுறையைப் பிடித்து இழுத்த இருவரை உடனே வெளியேற்றினார்கள். ஆகவே, ரெட் சாக்ஸ் ஹோம் ரன் பந்து உங்கள் மகன் கையில் விழுந்து, சுற்றியிருப்பவர்கள் “திருப்பி எறி” என்று கத்தினாலும் எறிய வேண்டாம். பையில் போட்டுக்கொண்டு உட்காரட்டும். பந்து களத்துக்குள் இருக்கும்போது தடுப்புக்கு மேல் கை நீட்டவும் கூடாது. அப்புறம், மூன்றாம் பேஸ் பக்கம் கீழ்வரிசையில் உட்கார்ந்தால், வலக்கை பேட்டர் அடித்துக் கோட்டுக்கு வெளியே போகும் ஃபவுல் பந்து வேகமாக வரும். 2020-லிருந்து எல்லா மைதானங்களிலும் பாதுகாப்பு வலையை நீட்டியிருக்கிறார்கள். இருந்தாலும் அந்த நேரத்தில் கண் போனில் இருக்கக் கூடாது.

வீரர்களிடமிருந்து ஒரு பந்து கிடைக்க வேண்டும் என்றால் வாசல் திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். பேட்டிங் பயிற்சியை உள்ளூர் அணி முதலில் முடித்துவிடும், வருகை அணி பிறகுதான் வரும். யாங்கீஸ் கூட்டத்துக்கு நடுவே ஒரு ரெட் சாக்ஸ் ஜெர்சி, அதுவும் ஒரு சிறுவன் என்றால், வீரர்கள் கண்ணில் சட்டென்று படும்.

உங்கள் வீட்டுக்காரரின் கவலையில் நியாயம் இல்லாமல் இல்லை. 2011-ல் லாஸ் ஏஞ்சலிஸில், டாட்ஜர் ஸ்டேடியத்தில் சீசனின் முதல் நாளன்று சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் ரசிகர் ஒருவரைத் தாக்கி, அவருக்கு மூளையில் நிரந்தரப் பாதிப்பு ஏற்பட்டது. மைதான நிர்வாகத்துக்கும் அதில் பொறுப்பு உண்டு என்று 2014-ல் நீதிமன்ற ஜூரி சொன்னது. ஆனால் அது நடந்த இடத்தைக் கவனியுங்கள்: கார் நிறுத்துமிடம், ஆட்டம் முடிந்த பிறகு. அரங்குக்குள் ஆயிரம் கண்கள் இருக்கின்றன, ஊழியர்கள் இருக்கிறார்கள். கவனமாக இருக்க வேண்டியது வெளியே. அதனால்தான் இரவு ஆட்டத்தைவிட ஞாயிறு பகல் ஆட்டத்தைச் சொல்வேன். குடும்பங்கள் அதிகம், பியர் குறைவு, வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பலாம். 2023-ல், பந்து வீசுவதற்கு நேர வரம்பு வைக்கும் பிட்ச் கிளாக் வந்த பிறகு ஆட்டம் சராசரியாக 2 மணி 40 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது.

யாராவது எல்லை மீறினால் பதில் பேசாதீர்கள். உங்கள் தம்பியையும் பேசவிடாதீர்கள். அருகில் நிற்கும் ஊழியரிடம் போய்ச் சொல்லுங்கள். எழுந்து போக முடியாவிட்டால், புகாருக்கான குறுஞ்செய்தி எண் இருக்கும். உள்ளே நுழைந்ததும் அதைக் கேட்டுப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். வேறு இருக்கை தரச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டாம். இன்னொரு எளிய ஏற்பாடு: பையனுக்கும் பக்கத்து இருக்கைக்காரருக்கும் நடுவில் அவன் மாமாவை உட்கார வையுங்கள். யாங்கீஸ் தொப்பி போட்ட ஒருவர் ரெட் சாக்ஸ் பையனின் தோளில் கை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், பார்க்கிறவர்களுக்கு அது குடும்பச் சண்டை என்று உடனே புரிந்துவிடும்.

ஏழாவது இன்னிங்ஸ் இடைவேளையில் நாட்டுப்பற்றுப் பாடல் போடுவார்கள். தொப்பியைக் கழற்றிவிட்டு எழுந்து நில்லுங்கள். அந்த ஒரு நிமிடம் யாரோடும் பேச வேண்டாம்.

எடிசனிலிருந்து காரில் வராதீர்கள். என்ஜே டிரான்சிட்டில் பென் ஸ்டேஷன், அங்கிருந்து நடந்து ஹெரால்ட் ஸ்கொயர், பிறகு டி ரயிலில் 161-வது தெரு. வார இறுதியில் பி ரயில் ஓடாது, அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ரெட் சாக்ஸ் ஜெயித்திருந்தால் ரயில் ஏறும்முன் ஜெர்சிக்கு மேல் ஒரு மெல்லிய ஜாக்கெட்டைப் போட்டுவிடுங்கள். கொண்டாட்டம் எடிசன் வந்ததும் நடக்கட்டும். டி ரயில் மேடையில் நெரிசல் தாங்கவில்லை என்றால், ஸ்டேடியத்துக்குப் பக்கத்திலேயே மெட்ரோ-நார்த் நிலையம் இருக்கிறது. அதில் கிராண்ட் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து பென் ஸ்டேஷன் போய்க்கொள்ளலாம்.