பார்மசி கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் முன் மருந்துக் கடை அனுபவம் வேண்டுமா?

அமெரிக்காவில் பார்ம்டி, அதாவது மருந்தாளுநர் ஆவதற்கான பட்டம், படிக்க விண்ணப்பிக்கப் போகும் ஒருவர் கேட்டிருக்கிறார்: மருந்துக் கடையில் வேலை பார்த்த அனுபவம் இல்லாவிட்டால் இடம் கிடைக்காதா, வேலைக்குப் போவதென்றால் எப்படி உள்ளே நுழைவது என்று.

பெரும்பாலான கல்லூரிகள் அதைக் கட்டாயமாக்கவில்லை. ஆனாலும் போங்கள் என்றுதான் சொல்வேன். பிகேட் நுழைவுத் தேர்வு 2024 ஜனவரியோடு நின்றுவிட்டது. அதனால் மதிப்பெண், பரிந்துரைக் கடிதம், நேர்முகம், நீங்கள் செய்திருக்கும் வேலை இவற்றை வைத்துத்தான் உங்களைப் பார்க்கிறார்கள். நேர்முகத்தில் "ஏன் பார்மசி?" என்ற கேள்வி வராமல் இருக்காது.

நுழைவதற்கு டெக்னீஷியன் வேலை, அதாவது மருந்தாளுநருக்கு உதவியாளர் வேலை, நல்ல வழி. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில இடங்களில் பதிவு செய்துகொண்டு கடையிலேயே பழகலாம், சில இடங்களில் பயிற்சியோ சான்றிதழோ கேட்பார்கள். உங்கள் மாநிலப் பார்மசி வாரியத்தின் தளத்தில் முதலில் பார்த்துவிடுங்கள். வேலை கிடைக்கவில்லையா, ஒரு மருந்தாளுநரோடு சில நாள் கூட இருந்து பார்க்க அனுமதி கேளுங்கள், அல்லது மருத்துவமனையில் தன்னார்வலராகச் சேருங்கள்.

நானும் டெக்னீஷியனாக இருந்துவிட்டுத்தான் படிக்கப் போனேன். தட்டில் மாத்திரைகளைக் கொட்டி, ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுவது சீக்கிரம் கைக்கு வந்துவிடும். கற்றுக்கொள்ள வேண்டியது அதற்கு அப்பால் இருக்கிறது. ஹைட்ராக்சிசின் அரிப்புக்கும் பதற்றத்துக்கும் கொடுப்பது, ஹைட்ரலசின் இரத்த அழுத்தத்துக்கு. பெயர் வரிசையில் அடுக்கினால் இரண்டும் அருகருகே வந்து நிற்கும். பார்கோடை ஸ்கேன் செய்யாமல் எதையும் எடுக்காதே என்று ஏன் அவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறார்கள் என்பது அந்த அலமாரி முன்னால் நின்றால் புரியும்.

மருந்தாளுநர் எந்த இடத்தில் வேலையை நிறுத்துகிறார் என்று கவனியுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு வேறொரு டாக்டர் பாக்ட்ரிம் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதியிருப்பார். இரண்டும் சேர்ந்தால் இரத்தக்கசிவு வரும் அபாயம் கூடும். திரையில் எச்சரிக்கை வந்ததும் மருந்தாளுநர் போனை எடுப்பார். டாக்டரிடம் என்ன சொல்கிறார், மாற்றாக எதைக் கேட்கிறார் என்று காது கொடுத்துக் கேளுங்கள். புத்தகத்தில் படிக்கப்போவது அங்கே கண் முன்னால் நடக்கிறது.

இன்சூரன்ஸ் தொல்லைதான் பலரைச் சோர வைக்கிறது. இன்சூரன்ஸ் நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும் என்று திரை சொல்லும், எதிரில் நிற்பவரின் கோபமோ உங்கள் மேல் விழும். ஒருமுறை இன்ஹேலரின் விலையைக் கேட்டுவிட்டு ஒரு பெரியவர் வேண்டாம் என்று திரும்பிவிட்டார். எங்கள் மருந்தாளுநர் அவரை உட்கார வைத்தார். அவருடைய இன்சூரன்ஸ் எந்த இன்ஹேலருக்குப் பணம் தரும் என்று தேடி, டாக்டர் அலுவலகத்தை அழைத்து மாற்றி எழுத வைத்தார். வரிசை நீண்டுகொண்டே போனது, அவர் அசரவில்லை. நேர்முகத்தில் நான் சொன்னது இதைத்தான், பெரியவரின் பெயரோ அடையாளமோ இல்லாமல். நீங்களும் அப்படித்தான் சொல்ல வேண்டும், நோயாளிகளின் விவரத்தை வெளியே பேசுவதற்கு ஹிப்பா சட்டம் இடம் தராது.

இந்த வேலை நேரத்தைப் பின்னால் படிப்பின் பயிற்சி நேரத்தில் கழித்துக்கொள்வார்கள் என்று மட்டும் எண்ண வேண்டாம். பார்ம்டியின் 300 மணி நேர அறிமுகப் பயிற்சியும் 1,440 மணி நேர உயர்நிலைப் பயிற்சியும் கல்லூரியில் சேர்ந்த பிறகு செய்ய வேண்டியவை. முடிந்தால் மருத்துவமனை மருந்தகத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அங்கே வேலையின் முகமே வேறு. சில மாதம் நின்று பார்த்தும் உங்களுக்கு ஒட்டவில்லை என்றால், நான்கு வருடப் படிப்புக்கும் கடனுக்கும் முன்னால் அது தெரிந்தது நல்லதே.

ஒட்டியது என்றால், உங்கள் வேலையை நேரில் பார்த்த மருந்தாளுநரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கடைசி வாரம் வரை தள்ளாதீர்கள், அவருக்கும் எழுத நேரம் வேண்டும்.