முட்டை தண்ணீரில் மிதந்தால் கெட்டதுதானா? வாங்கியதும் கழுவி வைப்பது நல்லதா?

மிதப்பதாலேயே எறிந்துவிடாதீர்கள். கழுவவும் வேண்டாம். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அவசரமாகப் படிக்கிறீர்கள் என்றால், மிதக்கும் முட்டையைத் தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பாருங்கள். கெட்டிருந்தால் மூக்கு சொல்லிவிடும். சந்தேகம் துளி இருந்தாலும் கொட்டிவிடலாம். நேரம் இருப்பவர்கள் மீதியையும் படியுங்கள். இந்த ஒரு கேள்வியால் எனக்கும் என் அக்காவுக்கும் மூன்று மாதம் பேச்சு இல்லாமல் போனது.

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். யாரோ ஒரு காணொளியில் இந்தத் தண்ணீர்ச் சோதனையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். பாத்திரத்தில் இரண்டோ மூன்றோ மிதக்கின்றன. வீட்டில் ஒருவர் "எறி" என்கிறார், இன்னொருவர் "காசு கொடுத்து வாங்கியது" என்கிறார். எங்கள் வீட்டில் "எறி" என்ற கட்சி நான் ஒருவன்தான். ஆனால் வாளி என் கையில் இருந்தது.

அக்கா வீட்டில் மூன்று பெட்டைக்கோழிகள். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வரும்போது இருபத்துநான்கு முட்டைகளை உமியில் புதைத்து, ஒன்றுகூட விரிசல் விடாமல் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் அவர் கிளம்பிய கையோடு நான் வாளியில் தண்ணீர் பிடித்தேன். அந்த வாரம்தான் இந்தச் சோதனையைப் பற்றிப் படித்திருந்தேன். புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டவனுக்கு வரும் திமிர் எனக்கும் வந்திருந்தது, ஒப்புக்கொள்கிறேன். நான்கு முட்டைகள் மேலே மிதந்தன. மூன்று அடியில் செங்குத்தாக நின்றன. மற்றவை சாதுவாகப் படுத்துக்கொண்டன. நின்ற மூன்றும்கூட எனக்குக் குற்றவாளிகளாகவே தெரிந்தன. ஏழையும் உடைத்துக்கூடப் பார்க்காமல் குப்பையில் போட்டேன்.

முட்டை ஏன் மிதக்கிறது என்பதை அப்போதே யோசித்திருக்கவேண்டும். கோழி இட்ட முட்டை அதன் உடல் சூட்டோடு, ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸில், வெளியே வருகிறது. ஆறும்போது உள்ளிருப்பது சுருங்குகிறது. அகன்ற முனையில், ஓட்டின் உட்புறத்தில் இருக்கும் இரண்டு சவ்வுகளுக்கு நடுவே ஒரு சிறு காற்றறை உண்டாகிறது. ஓடு நம் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் அதில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே நாள்தோறும் கொஞ்சம் ஈரமும் கரியமில வாயுவும் வெளியேற, அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. முட்டையின் அளவு மாறாமல் எடை மட்டும் குறைகிறது. முதலில் படுத்துக் கிடந்தது பிறகு நிற்கும், கடைசியில் மிதக்கும். அதாவது இது வயதைக் காட்டும் சோதனை. வெயிலில் வைத்த முட்டை சீக்கிரம் மிதக்கும், குளிரில் வைத்தது தாமதமாக மிதக்கும் என்பதால் வயதைக்கூட உத்தேசமாகத்தான் காட்டும். கூழ்முட்டையும் பெரும்பாலும் மிதக்கும், உண்மைதான். அதற்காக மிதப்பதெல்லாம் கூழ்முட்டை ஆகிவிடாது.

மூழ்கிய முட்டைக்கு நற்சான்றிதழ் கொடுப்பது இதைவிடப் பெரிய தவறு. சால்மோனெல்லா என்ற கிருமியில் ஒரு வகை, ஓடு உருவாவதற்கு முன்பே கோழியின் உடலுக்குள்ளிருந்தே முட்டையில் ஏறிவிடக்கூடியது. அந்த முட்டை இன்று காலையில் இட்டதாக இருக்கலாம். நாற்றம் இருக்காது, நிறம் மாறாது, தண்ணீரில் கல் போல மூழ்கும். 71 டிகிரி வரை சூடேறினால் அந்தக் கிருமி உடனே செத்துவிடும். வெள்ளைக்கருவும் மஞ்சள்கருவும் இறுகும்வரை வேகவைத்தால் கவலை இல்லை. சின்னக் குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள் இருக்கும் வீட்டில் அரை வேக்காட்டுக்கு நான் ஆதரவு தரமாட்டேன். "நான் முப்பது வருடமாகப் பச்சை முட்டை குடிக்கிறேன்" என்று பின்னூட்டத்தில் எழுதப்போகும் அன்பருக்கு என் வணக்கம். குடியுங்கள். பச்சை வெள்ளைக்கருவில் அவிடின் என்ற புரதம் இருக்கிறது. அது பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்து வைத்துக்கொண்டு உடலுக்குக் கொடுக்காது. வேகவைத்த முட்டையின் புரதம் பச்சை முட்டையினுடையதைவிட நன்றாகச் செரிக்கிறது. தெரிந்துகொண்டு குடித்தால் போதும்.

கதைக்கு வருகிறேன். மீதிப் பதினேழு முட்டைகளையும் குழாய்த் தண்ணீரில், பாத்திரம் தேய்க்கும் நாரைக்கொண்டு, பளபளவென்று தேய்த்துக் கழுவினேன். என் மனைவி பார்த்துவிட்டு, "இவ்வளவு அக்கறையாக நம் கல்யாணத்தன்று நீங்கள் முகம்கூடக் கழுவவில்லை" என்றாள். பன்னிரண்டு முட்டைகள் பிரிட்ஜ் கதவில் இருந்த குழிகளுக்குள் போயின. மீதி ஐந்துக்கு இடம் இல்லை. ஈரம் சரியாகக் காயாமலே ஒரு தகர டப்பாவில் போட்டு மூடி, அலமாரியில் வைத்தேன்.

இந்த இடத்தில் பிரிட்ஜைப் பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். கதவில் முட்டைக்குக் குழி வைத்தவர் யார்? பிரிட்ஜிலேயே அதிகமாகக் குளிர் ஏறி இறங்கும் இடம் கதவுதான். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வெளிச்சூடு முதலில் அதைத்தான் தாக்குகிறது. முட்டைக்கு வேண்டியது ஒரே சீரான குளிர். உள்தட்டில், அது வந்த அட்டையிலேயே, கூர்முனை கீழே இருக்கும்படி வைப்பதுதான் சரி. அப்படி வைத்தால் காற்றறை மேலே இருக்கும், மஞ்சள்கருவும் நடுவில் நிற்கும். பிரிட்ஜிலேயே வைத்திருந்தால் மூன்று நான்கு வாரம் நன்றாக இருக்கும். இந்தப் பிரிட்ஜை வாங்கும்போது என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். மகனும் மனைவியும் கடைக்குப் போய், கதவின் நிறத்தைப் பார்த்து வாங்கி வந்தார்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றுகூடப் பார்க்கவில்லை. இன்றுவரை ஒவ்வொரு முறையும் சுவரில் முழங்கை இடித்துக்கொண்டுதான் பால் எடுக்கிறேன். பணம் மட்டும் என் கணக்கிலிருந்து போனது. சரி, அது வேறு வழக்கு.

இரண்டு வாரம் கழித்து டப்பாவிலிருந்து ஒரு முட்டையை எடுத்து, ஏற்கெனவே மூன்று முட்டைகள் கிடந்த கிண்ணத்துக்குள் நேராக உடைத்தேன். கூழ்முட்டை. அந்த நாற்றத்தை விவரிக்க எனக்கு விருப்பம் இல்லை. மாலைவரை வீட்டில் ஜன்னல்கள் திறந்தே கிடந்தன. நான்கும் போயின. முட்டையை ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைக்கவேண்டும் என்று முதலிலேயே ஏன் சொன்னேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

புத்தி இருப்பவன் அதோடு விட்டிருப்பான். நான் அக்காவுக்குத் தொலைபேசியில் அழைத்து, கோழிகளுக்கு என்ன தீனி போடுகிறாய் என்று ஆரம்பித்தேன். மிதந்த கதையைச் சொன்னேன். போதாததற்கு, "வேறொரு முட்டையில் வெள்ளையாக நூல் மாதிரி கரு வளர ஆரம்பித்திருந்தது, அடையில் இருந்த முட்டையைக் கொடுத்துவிட்டாயா?" என்றும் கேட்டேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"தம்பி, என் வீட்டில் சேவலே கிடையாது" என்றார் அக்கா. "மிதந்த நாலும் உனக்கென்று முதல்முதலாக எடுத்து வைத்தவை. கோழிகள் இறகு உதிர்க்கிற சமயம், முட்டையே சரியாக இல்லை. இருபத்துநாலு சேர ஒன்றரை மாதம் ஆயிற்று." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

அந்த வெள்ளை நூல், மஞ்சள்கருவை நடுவில் கட்டி நிறுத்தும் ஒரு புரதக் கயிறு. கருவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. புது முட்டையில்தான் அது தடிப்பாகத் தெரியும். என் அக்காவின் புத்தம்புது முட்டையைத்தான் நான் அடைமுட்டை என்று சொல்லியிருக்கிறேன். சில முட்டைகளில் தெரியும் சிவப்புப் புள்ளியும் கரு ஆகாது, முட்டை உருவாகும்போது சின்ன ரத்தக்குழாய் ஒன்று உடைந்ததன் அடையாளம். வேகவைத்துச் சாப்பிடலாம், பிடிக்காவிட்டால் கரண்டி நுனியால் எடுத்துவிடலாம்.

கழுவியதைப் பற்றியும் அதற்குப் பிறகுதான் படித்தேன். கோழி முட்டையிடும்போதே ஓட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்றைப் பூசி அனுப்புகிறது. துளைகளை அடைத்துக் கிருமியை வெளியே நிறுத்துவது அதுதான். நார் போட்டு அதைத்தான் தேய்த்து எடுத்தேன். குளிர்ந்த தண்ணீர் என்றால் கேடு இரட்டிப்பு. உள்ளிருப்பது சுருங்கும்போது, ஓட்டின் மேல் இருக்கும் அழுக்கை ஈரத்தோடு துளைகள் வழியே உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்த ஒரு முட்டை கெட்டதற்கு நான் கழுவியதுதான் காரணம் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் முன்பே இருந்திருக்கலாம். ஆனால் அதே நாளில் கழுவி, காய்ந்து, பிரிட்ஜில் இருந்த பன்னிரண்டில் ஒன்றும் கெடவில்லை.

"அமெரிக்காவில் கழுவித்தானே விற்கிறார்கள்?" என்று ஒருவர் கேட்பார். ஆமாம். அங்கே முட்டையைவிடக் குறைந்தது 11 டிகிரி செல்சியஸ் அதிகச் சூடான நீரில், அதற்கென்று இருக்கும் இயந்திரத்தில் கழுவுகிறார்கள். அதன்பின் விற்கும்வரை குளிரிலேயே வைக்கவேண்டும் என்பது விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் நேர் எதிர்: கடைக்கு வரும் முதல் தர முட்டைகளைப் பொதுவாகக் கழுவவே கூடாது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. கழுவினால் குளிரில் வை, கழுவாவிட்டால் படலத்தை நம்பு. கழுவியும் வெளியே வைப்பது என் கண்டுபிடிப்பு. உங்கள் முட்டையில் எச்சம் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து வையுங்கள். கழுவித்தான் ஆகவேண்டும் என்றால் சமைக்கும் நேரத்தில், வெதுவெதுப்பான நீரில் கழுவிக்கொள்ளலாம். பிரிட்ஜில் இருந்ததை எடுத்து மணிக்கணக்கில் வெளியே போட்டுவிடாதீர்கள். ஓடு வியர்க்கும், அந்த ஈரமும் அதே வேலையைச் செய்யும்.

ஒன்றரை மாத முட்டையைச் சாப்பிடச் சொல்கிறேனா என்று சண்டைக்கு வரவேண்டாம். வெளியே அவ்வளவு நாள் இருந்ததை நானும் யோசித்துத்தான் தொடுவேன். உடைத்துப் பார்த்து, நன்றாக வேகவைத்து. என் வருத்தம் நின்றுகொண்டிருந்த அந்த மூன்றைப் பற்றித்தான். அவித்து உரிக்க அவற்றைவிட நல்ல முட்டை கிடையாது. கரியமில வாயு வெளியேற வெளியேற வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடுகிறது. அப்போது அது உள்சவ்வோடு ஒட்டாது, ஓடு சட்டை போலக் கழன்று வரும். புது முட்டையை அவித்து உரித்தால் பாதி வெள்ளைக்கரு ஓட்டோடு போய்விடும். மிச்சமிருந்த புது முட்டைகளை அவித்தபோது அப்படித்தான் ஆனது, அம்மை கண்ட முகம் போல. மனைவி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள்.

மூன்று மாதம் கழித்து அக்கா வந்தார். மன்னிப்பெல்லாம் நான் கேட்கவில்லை, எங்கள் வீட்டில் அது வழக்கம் இல்லை. காபி போட்டுக் கொடுத்தேன். மறுபடியும் உமியில் புதைத்த முட்டைகள். இந்த முறை ஒவ்வொன்றின் மேலும் இட்ட தேதி. முதலில் பேனாவால் எழுதினாராம், கை ஈரம் பட்டுக் கலைந்ததால் பென்சிலுக்கு மாறிவிட்டாராம்.