‘அக்கார்டிங் டு மீ’யை முதலில் விட்டுவிடுங்கள்

பேசும்போது சொந்தக் கருத்தைச் சொல்ல ‘ஐ திங்க்’ என்பதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்கு மாற்றாக ஆங்கிலத்தில் வேறு என்னென்ன சொல்லலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் ‘ஐ திங்க்’ என்றே சொல்கிறார்கள் என்பதால், அதை ஒரு குறையாகக் கருதத் தேவையில்லை. மாற்று தேடப் போய் நாம் பிடித்துக்கொள்ளும் சில தொடர்கள்தாம் சிக்கலை உண்டாக்குகின்றன.

அவற்றில் முதலாவது ‘அக்கார்டிங் டு மீ’. நம் ஊர் நேர்முகத் தேர்வுகளிலும் அலுவலகக் கூட்டங்களிலும் இதைக் கேட்காத நாளில்லை. ‘அக்கார்டிங் டு’ என்பது பிறர் சொன்னதையோ, ஓர் அறிக்கையையோ, கால அட்டவணையையோ ஆதாரமாகக் காட்டுவதற்கு உரியது. ‘அக்கார்டிங் டு த டைம்டேபிள், த டிரெய்ன் லீவ்ஸ் அட் சிக்ஸ்’ என்றால் பொருத்தமாக இருக்கிறது. ‘அக்கார்டிங் டு மீ’ என்னும்போது நமக்கு நாமே சாட்சி சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. ‘என்னைப் பொறுத்தவரை’ என்று தொடங்கிப் பழகிய நாக்கு அதற்கு ஈடான ஒன்றைத் தேடி இதில் போய் நிற்கிறது என்பது என் ஊகம்.

அதே ‘என்னைப் பொறுத்தவரை’ என்னை வேறொரு பள்ளத்திலும் தள்ளியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், இங்கிலாந்திலிருந்த ஒரு குழுவுக்கு அனுப்பிய மின்னஞ்சலில் ‘ஆஸ் ஃபார் ஆஸ் ஐ ஆம் கன்சர்ன்ட், த டிசைன் இஸ் ஃபைன்’ என்று எழுதினேன். வடிவமைப்பு எனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்கு மேல் என் மனத்தில் எதுவும் இல்லை. ஆனால் அந்தத் தொடருக்குப் பல இடங்களில், ‘மற்றவர்கள் என்ன சொன்னாலும் எனக்குக் கவலையில்லை, என் அளவில் இது முடிந்த கதை’ என்ற தொனி ஏறிவிடும். மறுமுனையிலிருந்து, ‘வேறு யாருடைய கருத்தும் தேவையில்லை என்கிறீர்களா?’ என்று பணிவாக ஒரு பதில் வந்தது. என் மேலாளர்தான் பிறகு உட்கார வைத்து விளக்கினார். ‘ஐ திங்க் த டிசைன் இஸ் ஃபைன்’ என்று எழுதியிருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது.

அந்த ‘ஐ திங்க்’கிலேயே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ‘ஐ’ என்பதை அழுத்திச் சொன்னால், மற்றவர்கள் எப்படி நினைத்தாலும் நான் இப்படி நினைக்கிறேன் என்று பொருள்படும். ‘திங்க்’கை அழுத்தினால், எனக்கு அவ்வளவு உறுதியில்லை என்று பொருள்படும். தமிழில் ‘என்று நினைக்கிறேன்’ வாக்கியத்தின் கடைசியில் வருவது இயல்பு. ஆங்கிலத்திலோ, ‘த மீட்டிங் இஸ் ஆன் டியூஸ்டே, ஐ திங்க்’ என்று கடைசியில் வைத்தால், அது கருத்தைவிடச் சந்தேகத்தையே காட்டும். மறுத்துச் சொல்லும் இடத்தில் இன்னொரு வேறுபாடு உண்டு. ‘இது சரிவராது என்று நினைக்கிறேன்’ என்பதை அப்படியே கொண்டுபோய் ‘ஐ திங்க் திஸ் வோன்ட் வொர்க்’ என்றால் பிழையில்லை, ஆனால் சற்று முகத்தில் அடிப்பதுபோல் இருக்கும். மறுப்பை முன்னே நகர்த்தி ‘ஐ டோன்ட் திங்க் திஸ் வில் வொர்க்’ என்பதுதான் அவர்களுடைய இயல்பான வழக்கு.

இனி நீங்கள் கேட்ட மாற்றுகள். எனக்கு மிகவும் பிடித்தது ‘ஐ’ட் சே’. ஒரு மதிப்பீட்டைச் சொல்லும்போது அது அழகாகப் பொருந்தும்: எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று கேட்டால் ‘ஐ’ட் சே அபவுட் ஃபார்ட்டி’ எனலாம். ‘இன் மை ஒபீனியன்’ கொஞ்சம் கனமானது. கட்டுரைக்கும் முறையான விவாதத்துக்கும் சரி, மதியச் சாப்பாட்டுக்கு எந்த உணவகம் போகலாம் என்பதற்கெல்லாம் அது வேண்டாம். ‘இஃப் யூ ஆஸ்க் மீ’ என்பதை யாரும் கேட்காதபோதும் சொல்லலாம். பின்னால் வருவது சற்றுக் காரமான கருத்தாக இருக்கும் என்று எதிரில் இருப்பவர் எதிர்பார்ப்பார். ‘ஐ கெஸ்’ அமெரிக்கர்களிடமும் ‘ஐ ரெக்கன்’ பிரிட்டன், ஆஸ்திரேலியா பக்கமும் அதிகம் புழங்குபவை. காதில் விழுந்தால் புரிந்துகொண்டால் போதும், வலிந்து பேசத் தேவையில்லை.

‘வித் ஆல் ட்யூ ரெஸ்பெக்ட்’ என்பதில் மட்டும் கவனமாக இருங்கள். சொல்லில் மரியாதை இருந்தாலும், அடுத்து வரப்போவது மறுப்பு என்று கேட்பவர் அந்த நொடியே நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். மேலதிகாரியிடம் மாறுபட்டுப் பேச நேர்ந்தால் நான் ‘ஐ சீ இட் எ லிட்டில் டிஃபரன்ட்லி’ என்றே தொடங்குகிறேன்.

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் (IELTS) தேர்வின் பேச்சுப் பிரிவுக்காகக் கேட்டிருந்தால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கருத்துக் கேள்விகள் அதிகம் வரும் மூன்றாம் பகுதி 4 முதல் 5 நிமிடங்கள்தான். அதற்குள் மனப்பாடம் செய்த தொடர்களையெல்லாம் இறக்கிவைக்கும் அவசரத்தில், ‘இன் மை ஒபீனியன், ஐ திங்க்’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்பவர்கள் பலர். இரண்டும் ஒன்றையே சொல்வதால், ஒன்றை விட்டுவிட்டு அந்த நேரத்தில் கருத்துக்கான காரணத்தைச் சொல்லத் தொடங்கலாம்.