எக்ஸ்பைரி தேதி முடிந்த மருந்தைப் பயன்படுத்தலாமா?

கேள்வி: மும்பையில் இருக்கிறோம். மருந்து டப்பாவில் தேதி முடிந்து மூன்று மாதமான பாராசிட்டமால், குழந்தையின் அமாக்சிசிலின் சிரப், கண் சொட்டு மருந்து இருக்கின்றன. வீரியம் இருக்குமா? ஆபத்தா?

சிரப்பையும் கண் மருந்தையும் இன்றே அப்புறப்படுத்துங்கள். பாராசிட்டமால் மாத்திரை அட்டை கிழியாமல் இருந்தால் விஷமாக மாறியிருக்காது. ஆனாலும் ஒரு அட்டை புதிதாக வாங்குவதுதான் நல்லது, அதன் விலை அவ்வளவு குறைவு.

முதலில் தேதியைச் சரியாகப் படியுங்கள். அட்டையில் 06/2025 என்று மாதமும் வருடமும் மட்டும் இருந்தால், நம் நாட்டு விதிப்படி ஜூன் 30 வரை அதைப் பயன்படுத்தலாம். சீல் உடையாமல், லேபிளில் சொன்ன வெப்பநிலையில் வைத்திருந்தால் அதுவரை தரத்துக்குக் கம்பெனி பொறுப்பு. அடுத்த நாளே மருந்து கெட்டுவிடும் என்று அர்த்தமில்லை.

அமெரிக்க ராணுவம் சேமித்து வைத்திருக்கும் மருந்துகளை அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1986 முதல் சோதித்து வருகிறது. 2006-இல் வந்த முடிவின்படி, 122 மருந்துகளின் 3005 பேட்ச்களில் 88 சதவீதத்துக்குக் குறைந்தது ஒரு வருடமாவது ஆயுளை நீட்டிக்க முடிந்தது. இதைக் காட்டித்தான் வாட்ஸ்அப்பில் 'எக்ஸ்பைரி எல்லாம் வியாபாரத் தந்திரம்' என்று எழுதுகிறார்கள். அந்த மருந்துகள் சீல் உடையாத ஒரிஜினல் பேக்கில், குளுமையான, ஈரமில்லாத கிடங்கில் இருந்தவை. தாராவியிலோ மாட்டுங்காவிலோ கேஸ் அடுப்புக்கு மேல் அலமாரியில் இருந்த டப்பாவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

மும்பையில் மாத்திரைக்குப் பெரிய எதிரி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான ஈரக் காற்று. ஆஸ்பிரின் ஈரத்தை இழுத்தால் உடைந்து சாலிசிலிக் அமிலமும் அசிட்டிக் அமிலமும் ஆகும். புட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் அது கெட்டுவிட்டது, தேதி எதுவாக இருந்தாலும் சரி. பிபிக்குத் தரும் டெல்மிசார்டன் இன்னும் மோசம்: சாப்பிடும் நேரத்தில்தான் அட்டையிலிருந்து பிரிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வாரம் முழுவதற்கும் பிளாஸ்டிக் டப்பாவில் பிரித்துப் போடுகிறோமே, மழைக்காலத்தில் அதுவே மாத்திரையைப் பிசுபிசுப்பாக்கிவிடும். பிரிக்காமல், அட்டையோடு ஒவ்வொன்றாக வெட்டிப் போடுங்கள். வலிப்புக்குத் தரும் சோடியம் வால்ப்ரோயேட்டுக்கும் இதே கதைதான்.

இனி, எதில் துளியும் ரிஸ்க் எடுக்கக் கூடாது என்பது. வீரியம் குறைந்தால் தலைவலி கொஞ்சம் நீடிக்கும் என்றால் அது வேறு. உயிரோ உறுப்போ போகும் என்றால் வேறு. இன்சுலின், வலிப்பு மருந்து, தைராய்டுக்கான தைராக்சின், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை, ஆஸ்துமா இன்ஹேலர், ஆன்டிபயாட்டிக் ஆகியவற்றில் தேதியைத் தாண்டவே வேண்டாம். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையில் உள்ள நைட்ரோகிளிசரின் தானாகவே ஆவியாகும் பொருள், அதனால்தான் கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி வருகிறது. ஆன்டிபயாட்டிக் பாதி வேலை செய்தால் கிருமி சாகாமல் தப்பும், மருந்துக்கும் பழகிக்கொள்ளும். தேதி முடிந்த டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கைச் சாப்பிட்டுச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது பற்றி 1963-இலேயே மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. மருந்து கெட்டுப்போவதோடு நச்சாகவும் மாறுவதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் அதுதான்.

உங்கள் சிரப் விஷயத்துக்கு வருவோம். புட்டியில் அச்சிட்ட தேதி உள்ளே இருக்கும் பொடிக்கு. தண்ணீர் கலந்த நிமிடத்திலிருந்து வேறு கணக்கு. அமாக்சிசிலினோடு கிளாவுலனேட்டும் சேர்ந்த சிரப் என்றால், தண்ணீர் கலந்தபின் ஃப்ரிட்ஜில் ஏழு நாள்தான். கலந்த தேதியைப் பேனாவால் லேபிளிலேயே எழுதிவிடுங்கள். கண் சொட்டு மருந்தும் பெரும்பாலும் திறந்து 28 நாள் அல்லது ஒரு மாதம். அதற்குமேல் முனையில் கிருமி ஏறியிருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. பயன்பாட்டில் உள்ள பெரும்பாலான இன்சுலினுக்கும் சுமார் 28 நாள்தான். மே மாதத்தில் ஃபேன் மட்டும் ஓடும் அறை 30 டிகிரியைத் தாண்டும், அங்கே வெளியே வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜ் கதவில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் வீண்.

மெடிக்கலில் நாலு மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டித் தருவார்கள், தேதி உள்ள பகுதி கடையிலேயே நின்றுவிடும். தேதி இருக்கும் பக்கமாக வெட்டித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பில்லைப் பத்திரமாக வையுங்கள். தேதியும் பேட்ச் நம்பரும் அதில் இருக்க வேண்டும்.

தெரியாமல் ஒரு பழைய பாராசிட்டமால் விழுங்கிவிட்டால் பதற வேண்டாம், வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். 'வீரியம் குறைந்திருக்கும்' என்று இரண்டாகப் போடுவதுதான் தவறு. எவ்வளவு குறைந்தது என்று யாருக்கும் தெரியாது, ஈரலுக்கு முழுக் கணக்கும் போய்ச் சேரும்.

அப்புறப்படுத்தும்போது மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து, பயன்படுத்திய டீத்தூளோடு கலந்து, கவரில் கட்டி, ஈரக் குப்பையிலும் உலர்ந்த குப்பையிலும் சேராமல் தனியாகக் கொடுங்கள். 2016 திடக்கழிவு விதிகள் இதை வீட்டு அபாயக் கழிவு என்று வகைப்படுத்தின. பொதுவாகக் கழிப்பறையில் கொட்டக் கூடாது. ஆனால் மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால், டயஸிபாம் போன்ற 17 மருந்துகளை மட்டும் ஃப்ளஷ் செய்துவிடச் சொல்லி மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் வழிகாட்டியது. அவை குழந்தை கையிலோ வேறு யார் கையிலோ சிக்கினால் ஒரே டோஸிலேயே உயிர் போகக்கூடும்.