பாய்லர் அட்டெண்டன்ட் சான்றிதழ்: தேர்வுக்கு முன் சரிசெய்ய வேண்டியவை

கேள்வி: பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்றிருக்கிறேன், வயது 26. திருப்பூர் அருகே ஒரு சாய ஆலையில் ஒப்பந்ததாரர் மூலம் சேர்ந்து, மூன்று ஆண்டுகளாக விறகு பாய்லரில் உதவியாளராக வேலை செய்கிறேன். இடையில் சில மாதங்கள் தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டரிலும் போட்டார்கள். இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் எடுத்தால் ஷிப்ட் பொறுப்பு தருவதாக மேலாளர் சொல்கிறார். பணம் கொடுத்தால் தேர்வே இல்லாமல் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். முறைப்படி எப்படிப் பெறுவது?

பதில்: உங்கள் நிலையில் தேர்வைவிட, அந்தத் தேர்வுக்கு உட்கார வைக்கும் அனுபவச் சான்றுதான் பெரிய தடையாக இருக்கும். ஆகவே அதை முதலில் பார்ப்போம்.

தகுதிச் சான்றிதழ் உள்ள ஒருவரின் பொறுப்பில் இல்லாத பாய்லரை உரிமையாளர் இயக்கக் கூடாது என்பது 1923-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன்கள் சட்டத்திலேயே இருந்த கட்டாயம். அதன் இடத்தில் வந்துள்ள கொதிகலன்கள் சட்டம், 2025-இலும் இது மாறவில்லை. இப்படிப் பொறுப்பேற்கும் அட்டெண்டன்ட்களுக்கான முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புத் தேர்வுகள் பாய்லர் அட்டெண்டன்ட் விதிகள், 2011-ஐ அடிப்படையாகக் கொண்டவை. தமிழ்நாட்டில் கொதிகலன் இயக்குநரகத்தின் கீழ் அமைந்த தேர்வுக் குழு இவற்றை நடத்துகிறது.

இனி உங்கள் மூன்று ஆண்டுகளுக்கு வருவோம். இந்தச் சட்டத்தின் பார்வையில் பாய்லர் என்பது, வெளிப் பயன்பாட்டுக்காக அழுத்தத்தில் நீராவியை உண்டாக்கும் கலன். கொள்ளளவு 25 லிட்டருக்குக் குறைவாக இருந்தாலோ, வடிவமைப்பு அழுத்தமும் இயக்க அழுத்தமும் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தாலோ, அது இதற்குள் வராது. சாய ஆலைகளில் ஸ்டென்டருக்கு (துணியை விரித்து உலர்த்தும் இயந்திரத்துக்கு) சூடு தரும் தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டர் எண்ணெயைத்தான் சூடாக்குகிறதே தவிர நீராவியை உண்டாக்குவதில்லை. எனவே அதன் அருகில் கழித்த மாதங்களைப் பாய்லர் அனுபவமாகக் காட்ட முடியாது. 'நான்-ஐபிஆர்' (இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகளுக்குள் வராதவை) என்று விற்கப்படும் சிறிய காயில் பாய்லர்களும் அப்படித்தான். ஹீட்டரில் இருந்த மாதங்களைக் கழித்தபின் மிஞ்சும் காலம் விதி கேட்கும் அனுபவத்துக்குப் போதுமா என்பதை இப்போதே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, பாய்லர் ஹவுஸ் சுவரில் மாட்டியிருக்கும் படிவம் 6, அதாவது பாய்லரைப் பயன்படுத்துவதற்கான சான்றிதழைப் படித்துப் பாருங்கள். பதிவு எண், ஹீட்டிங் சர்ஃபேஸ் (சூட்டை நீருக்குக் கடத்தும் பரப்பு) எத்தனை சதுர மீட்டர், அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம், எந்தத் தேதிவரை செல்லும் (பொதுவாக 12 மாதத்துக்கு மிகாது) ஆகிய விவரங்கள் அதில் இருக்கும். உங்கள் அனுபவச் சான்றில் இதே எண்ணும் இதே அளவும் பிழையின்றி இடம்பெற வேண்டும், ஏனெனில் அந்த எண்ணை வைத்துத்தான் இயக்குநரகம் தன் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும்.

சான்றில் கையெழுத்திட வேண்டியவர் பாய்லரின் உரிமையாளர் அல்லது அவர் சார்பில் பொறுப்பேற்கும் மேலாளர். சம்பளம் கொடுக்கும் ஒப்பந்ததாரர் எழுதித் தரும் தாள் தனியாக நின்று பயன்படாது. உங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். வருகைப் பதிவேட்டில் 'பொதுத் தொழிலாளி' என்றிருக்க, சான்றில் மட்டும் 'ஃபயர்மேன்' (பாய்லரில் நெருப்பைக் கவனிப்பவர்) என்று எழுதினால் கேள்வி எழும். ஆகவே எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்தப் பதவியில், சான்றிதழ் பெற்ற எந்த அட்டெண்டன்டின் கீழ் வேலை செய்தீர்கள் என்பதைத் தெளிவாகக் குறிப்பிடச் சொல்லி, உங்கள் பெயர் உள்ள ஷிப்ட் லாக் ஷீட்டுகளின் நகல்களையும், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவுகளையும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேலாளரே ஷிப்ட் பொறுப்பு தர விரும்புகிறார் என்பதால், இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

விண்ணப்பம் நிரப்புவதில் சிக்கல் ஏதும் இல்லை. தேர்வு அறிவிப்பு வரும்போது அதில் கேட்டிருக்கும் வயதுச் சான்று, கல்விச் சான்று, உடல்தகுதிச் சான்று, கட்டணம் ஆகியவற்றை அப்படியே பின்பற்றினால் போதும்.

தேர்வில் நேருக்கு நேரும் கேட்பார்கள். விடையை மனப்பாடம் செய்தவர் இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொள்வார், ஏனென்றால் தேர்வாளர் உங்கள் முதல் விடையிலிருந்துதான் அடுத்த கேள்வியை எடுப்பார். எடுத்துக்காட்டாக, கேஜ் கிளாஸை (நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயை) எப்படிச் சோதிப்பாய் என்பார். டிரெய்ன் காக் எனும் வடிகால் வால்வைத் திறந்து, வாட்டர் காக் எனும் நீர்ப்பக்க வால்வை மூடி நீராவிப் பாதை திறந்திருக்கிறதா என்று பார்த்து, பிறகு வாட்டர் காக்கைத் திறந்து ஸ்டீம் காக்கை மூடி நீர்ப் பாதையைப் பார்த்து, கடைசியில் இரண்டையும் திறந்து டிரெய்னை மூடும்போது நீர்மட்டம் சட்டென்று ஏற வேண்டும் என்பீர்கள். மெதுவாக ஏறினால்? நீர்ப் பாதையில் பாதி அடைப்பு. ஸ்டீம் பக்கம் முழுதும் அடைத்திருந்தால் கண்ணாடி என்ன காட்டும்? மேலே சிக்கிய நீராவி குளிர்ந்து நீராக, மட்டம் உயர்ந்து கண்ணாடி நிறைந்தது போல் தெரியும். உள்ளே நீர் குறைவாக இருக்கும்போதும் ஏராளமாக இருப்பதாக நம்பவைக்கும் ஆபத்தான பொய் அது. கையால் செய்து பார்த்தவருக்கு இது தடையின்றி வரும்.

இன்னொரு கேள்வி கட்டாயம் வரும்: கண்ணாடியில் நீரே தெரியவில்லை என்றால் என்ன செய்வாய்? 'உடனே பம்ப்பை ஓட்டுவேன்' என்பது தோல்வியைத் தேடித்தரும் விடை. காய்ந்து சிவந்திருக்கக்கூடிய உலோகத்தின் மேல் நீர் பட்டால் திடீரென நீராவி எழும். உலோகமும் சுருங்கி விரிசல் காணும். எனவே எரிபொருளை நிறுத்துவதுதான் முதல் வேலை, ஃபீட் பம்ப்பை (பாய்லருக்கு நீர் ஏற்றும் பம்ப்பை) தொடக் கூடாது, சேஃப்டி வால்வைத் தூக்கி அழுத்தத்தைச் சட்டென்று இறக்கவும் கூடாது. விறகு பாய்லரை எண்ணெய் பர்னர்போல ஒரு பொத்தானில் அணைக்க முடியாது என்பதால், எஃப்.டி. ஃபேனை (நெருப்புக்குக் காற்றைத் தள்ளும் விசிறியை) நிறுத்தி, அடியிலிருந்து காற்று செல்லும் வழியை அடைத்து, நெருப்பைத் தணிய விட்டு, பாய்லர் தானாக ஆறும்வரை காத்திருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இவ்வளவு எச்சரிக்கை ஏன் என்பதையும் புரிந்துகொண்டு போவது நல்லது. அழுத்தக் கேஜில் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ காட்டும் பாய்லருக்குள் இருக்கும் நீர் சுமார் 170 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. கலன் பிளந்து அழுத்தம் வெளிக்காற்றின் அளவுக்கு விழுந்தால், அந்த நீரில் ஏறத்தாழ 13 சதவீதம் நொடிப்பொழுதில் நீராவியாகி, ஒரு லிட்டர் 1,600 லிட்டருக்கும் மேல் பெருகும். வெடிப்பின் வேகம் பெரும்பாலும் இந்த நீரிலிருந்து வருகிறது. புளோடவுன் (அடியில் சேரும் கசடு நீரை வெளியேற்றுவது) ஏன் கொடுக்கிறோம், பிரைமிங் (நீராவியோடு நீரும் சேர்ந்து போவது) எதனால் வருகிறது, ஃபியூசிபிள் பிளக் (நீர் குறைந்தால் உருகும் பாதுகாப்பு அடைப்பான்) எங்கே இருக்கிறது, விபத்து நடந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் (24 மணி நேரம்) போன்றவற்றையும் படித்துக்கொள்ளுங்கள். உங்கள் அட்டெண்டன்டோடு சேர்ந்து, ஆண்டு ஆய்வுக்காகப் பாய்லரைத் திறக்கும் நாளில் உள்ளே பார்த்துவிடுவது ஒரு புத்தகத்துக்குச் சமம்.

பணம் கேட்பவரை விட்டுவிடுங்கள். போலிச் சான்றிதழின் எண்ணைச் சொல்லி, அதை வழங்கியதாகக் காட்டும் அலுவலகத்திடம் கேட்டாலே பிடிபட்டுவிடும். ஆய்வுக்கு வரும் அதிகாரி முதலில் கேட்பதும் அட்டெண்டன்டின் சான்றிதழைத்தான். விபத்து ஏதும் நடந்துவிட்டால் குற்ற வழக்கில் உங்கள் பெயரும் இருக்கும்.

இரண்டாம் வகுப்பு கிடைத்த பின்னும் எல்லாப் பாய்லர்களும் உங்கள் கைக்கு வந்துவிடாது. எவ்வளவு ஹீட்டிங் சர்ஃபேஸ் வரை பொறுப்பேற்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு என்பதால், உங்கள் ஆலைப் பாய்லர் அதற்குள் அடங்குகிறதா என்று படிவம் 6-ஐ வைத்தே உறுதிசெய்யுங்கள். அடங்காவிட்டால், ஷிப்ட் பொறுப்புக்கு முதல் வகுப்பு வேண்டியிருக்கும். 1,000 சதுர மீட்டரைத் தாண்டியவற்றுக்கு பாய்லர் ஆபரேஷன் இன்ஜினியர் தேவை; அந்தத் தேர்வுக்குப் பொறியியல் படிப்பு வேண்டும்.

ஒப்பந்ததாரர் மாறும் சமயத்தில் பழைய பதிவேடுகள் காணாமல் போவது வழக்கம் என்பதால், அறிவிப்புக்குக் காத்திராமல் இந்த மாதமே லாக் ஷீட் நகல்களையும், இதுவரையிலான காலத்துக்கு ஓர் அனுபவச் சான்றையும் மேலாளரிடம் கையெழுத்தோடு வாங்கி வைத்துவிடுங்கள். விண்ணப்பிக்கும்போது மீதிக் காலத்துக்கு இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.