மறைந்த கட்டியும் மிஞ்சும் கல்லீரலும்

வணக்கம். அப்பாவுக்குப் பெருங்குடலில் புற்றுநோய். கல்லீரலுக்கும் பரவி அங்கே மூன்று கட்டிகள். கீமோவுக்குப் பிறகு எடுத்த ஸ்கேனில் ஒன்றைக் காணோம். ஆனாலும் கல்லீரலில் பாதிக்கு மேல் எடுக்க வேண்டும் என்கிறார்கள். கட்டிதான் கரைகிறதே, இன்னும் சில சுற்று கீமோ கொடுத்துப் பார்க்கக் கூடாதா? பாதிக் கல்லீரல் போதுமா?
எம்.

அன்புள்ள எம்.,

அறுவை செய்யலாம் என்று டாக்டர்களே சொல்லும்போது தள்ளிப்போடாதீர்கள். ஸ்கேனில் கட்டி மறைந்தாலும் அந்த இடத்தில் உயிருள்ள புற்றணுக்கள் பல நேரம் மிச்சமிருக்கும். கீமோ நீள நீள, வெட்ட வேண்டிய இடமே சர்ஜனுக்குப் பிடிபடாமல் போகலாம். அதனால் கீமோவுக்கு முன் எடுத்த ஸ்கேன்களைத் தவறாமல் கொடுங்கள். எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால் அதையும். நீண்ட கீமோ நல்ல கல்லீரலையும் கெடுக்கும்: கீமோ மருந்துகளில் ஆக்ஸாலிபிளாட்டின் அதன் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சிதைக்கும், இரினோடீகன் கொழுப்பு சேர்க்கும். கடைசி கீமோவுக்கும் அறுவைக்கும் நடுவே பொதுவாக 4 வாரமாவது விடுவார்கள். கீமோவோடு பெவாசிசுமாப் என்ற மருந்தும் சேர்ந்திருந்தால் சுமார் 6 வாரம், அது காயம் ஆறுவதைத் தாமதப்படுத்துமே.

எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதைவிட எவ்வளவு மிஞ்சும் என்று கேளுங்கள். சி.டி.யிலேயே அதை அளந்துவிடலாம். ஆரோக்கியமான கல்லீரலில் 20 சதவீதம் மிஞ்சினால் போதும், நீண்ட கீமோ கண்டதில் 30, சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய்) இருந்தால் 40. குறைந்தால், குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் ரத்தக்குழாயில், எடுக்கப்போகும் பக்கத்துக்குப் போகும் கிளையை அடைத்து, 4 முதல் 6 வாரம் காத்திருந்து, மறுபக்கத்தை வளரவிடுவார்கள். அறுவைக்குப் பிறகும் கல்லீரல் வளரும், பெரும்பகுதி சில மாதங்களுக்குள்ளேயே.

முதல் வாரம்தான் கண்ணும் கருத்துமாக இருக்க வேண்டிய காலம். வடிகுழாய் வைத்திருந்தால் பையைப் பாருங்கள். சிவப்பாக வரும் நீர் நாளுக்கு நாள் வெளிற வேண்டும். பச்சை கலந்த மஞ்சளானால் பித்தம் கசிகிறது. பெரும்பாலும் குழாயை விட்டுவைத்தாலே தானாக அடைபடும். ரத்தப் பரிசோதனையில் பிலிரூபினும் (மஞ்சள் காமாலை அளவு) ஐ.என்.ஆரும் (ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவு) முதலில் ஏறும், ஐந்தாம் நாளுக்குள் இறங்கத் தொடங்க வேண்டும். இறங்காமல் வயிறு வீங்கி, அப்பா பகலிலும் தூங்கி வழிந்து, பேச்சும் குழறினால் அசதி என்று விட்டுவிடாதீர்கள், உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். கல்லீரல் தள்ளாடுகிறது என்பதற்கான அறிகுறி அது.

வீட்டுக்கு வந்ததும் பாராசிட்டமால்கூட டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம். 100.4 டிகிரி காய்ச்சலோ கண் மஞ்சளோ தெரிந்தால் அன்றே ஆஸ்பத்திரி. சி.இ.ஏ. (புற்றுநோய் திரும்புகிறதா என்று காட்ட உதவும் ரத்தப் பரிசோதனை), சி.டி. பரிசோதனைகளை விடாதீர்கள். பாதிப் பேருக்கு மேல் நோய் திரும்பத்தான் செய்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் சிலருக்குக் கல்லீரலில் மறுபடியும் அறுவை செய்ய முடியும்.