ரயிலில் யாரும் பேச மாட்டார்கள், தேக்காவில் கேட்பார்கள்

தம்பி, வேலைக்குச் சிங்கப்பூர் வரப்போவதாகச் சொல்லியிருந்தீர்கள். முன்பின் தெரியாதவர்களோடு பேச்சுக் கொடுப்பதும் பிடிக்காது, பொது இடத்தில் ஆட்கள் ஒட்டி நிற்பதும் பிடிக்காது, இங்கே திமிர் பிடித்தவன் என்று நினைப்பார்களோ என்று கேட்டிருந்தீர்கள். யாரும் அப்படி நினைக்க மாட்டார்கள். இடத்துக்குத்தான் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

சின்னத் தீவில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் இருக்கிறோம். காலை வேலை நேரத்தில் எம்ஆர்டி ரயிலில் தோளோடு தோள் உரசும். ஆனால் பெரும்பாலானவர்கள் போனைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பார்கள். முதுகுப்பையைக் கழற்றி முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள், அது போதும்.

மதியம் உணவங்காடி நிலையத்தில் தனி மேசை கிடைக்காது. மேசையில் டிஷ்யூ பாக்கெட் இருந்தால் யாரோ இடம் பிடித்திருக்கிறார் என்று அர்த்தம். காலி நாற்காலியைக் கைகாட்டினால், எதிரே இருப்பவர் தலையசைத்துத் தன் மீ (நூடுல்ஸ்) கிண்ணத்தை ஒரு சாண் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். அவ்வளவுதான் பேச்சு. சாப்பிட்டதும் தட்டை எடுத்து அதற்கான இடத்தில் வைத்துவிடுங்கள். 2021 முதல் அது கட்டாயம்.

கேள்வி வருவதெல்லாம் நம்மவர்களிடமிருந்துதான். லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா மார்க்கெட்டில் கீரை வாங்க நின்றால், "தம்பி எந்த ஊரு? என்ன பாஸ்? பிஆர் போட்டாச்சா? கல்யாணம்?" என்று வரிசையாக வரும். பாஸ் என்றால் வேலை அனுமதி, பிஆர் என்றால் நிரந்தரவாசம். இதற்கு முகம் சுளிக்காதீர்கள் என்று உங்களை உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அங்கே வருகிறவர்களில் பலர் கட்டுமான வேலையிலும் கப்பல் பட்டறையிலும் இருப்பவர்கள், குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்கள். நம் ஊர்ப் பெயரைக் கேட்டதும் அவர்கள் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். "மன்னார்குடிப் பக்கம்ணே" என்று ஊரைச் சொல்லிவிடுங்கள். சம்பளத்தைக் கேட்டால் "ஏதோ போகுதுண்ணே" போதும், அதற்குமேல் நோண்ட மாட்டார்கள். டாக்சி அங்கிள்களில் சிலர் பேச்சுப்பிரியர்கள். களைப்பாக இருக்கிறது என்றால் விட்டுவிடுவார்கள்.

வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடுகள்) புளோக்கில் அண்டை வீட்டாருக்கு லிஃப்டில் ஒரு சிரிப்பு போதும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். என் பக்கத்து வீட்டுச் சீன ஆண்டியும் நானும் "வேலைக்கா?", "சாப்பிட்டாச்சா?" தாண்டிப் பேசியதே இல்லை. ஆனால் தூறல் போட்டால் என் கதவைத் தட்டி, கழியில் காயும் துணியைக் கைகாட்டிவிட்டுப் போவார்.

முழுசாகத் தனியாக இருக்கவேண்டும் போலிருந்தால் பூமலைக்குப் போங்கள், தாவரவியல் பூங்காவை இங்கே அப்படித்தான் சொல்வோம். காலை 5 மணிக்கே திறந்துவிடும், தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை.

அப்புறம், அறை வாடகைக்குப் பார்க்கும்போது அந்த வீட்டில் எத்தனை பேர், சமையலறை யார் யாருக்குப் பொது என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். தெருவில் தப்பித்த பேச்சு அடுப்படியில் பிடித்துக்கொள்ளும். மாதம் கொஞ்சம் வெள்ளி (டாலர்) கூடப் போனாலும், உங்கள் சுபாவத்துக்கு ஆள் குறைந்த வீடுதான் சரி.